கூட்டத்தில் இருப்பான் என்னும் எண்ணம்

தியானப் பகுதி: லூக்கா 2:41–52





ஆண்டவருடைய இளம்பருவத்தைக் குறித்துச் சுவிசேஷங்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. பெத்லகேமில் பிறந்த பாலகன் எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டதையும், பின்பு நாசரேத்துக்குத் திரும்பி வந்ததையும் வாசிக்கிறோம். அதற்குப் பின், ஏறக்குறைய 30 வயதுள்ளவராக, யோர்தான் நதியில் ஞானஸ்நானம் பெறுகிறவராகத்தான் அவரைக் காண்கிறோம். இடையிலே கடந்துபோன ஆண்டுகளிலிருந்து ஒரே ஒரு நிகழ்ச்சியைத்தான் லூக்கா நமக்கு எழுதித் தந்திருக்கிறார். அப்பொழுது இயேசுவுக்கு வயது 12.

யூத மரபின்படி 13 வயது நிறைந்த ஆண்பிள்ளை நியாயப்பிரமாணத்தின் கட்டளைகளுக்குத் தானே பொறுப்பாளி. அந்த வாசற்படியில் நிற்கிற ஒரு பிள்ளையை லூக்கா நமக்குக் காட்டுகிறார். சிறுவன் என்று ஒதுக்கவும் முடியாது, பெரியவன் என்று விட்டுவிடவும் முடியாது. நம்முடைய வீடுகளில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளும் அந்த வாசற்படியில்தான் நிற்கிறார்கள்.

பஸ்கா பண்டிகையின் நாட்கள் முடிந்து எல்லாரும் ஊருக்குத் திரும்புகிறார்கள். பிள்ளையோ எருசலேமிலே தங்கிவிடுகிறார். யோசேப்பும் மரியாளும் அதை அறியவில்லை. பயணக்காரரின் கூட்டத்தில் இருப்பார் என்று எண்ணிக்கொண்டு ஒரு நாள் பயணம் நடந்துவிடுகிறார்கள். அவர்கள் கவனமற்ற பெற்றோர் அல்லர். ஆண்டுதோறும் பண்டிகைக்குப் போகிறவர்கள் என்று லூக்கா முதலிலேயே சொல்லிவிடுகிறார். உறவினரும் அறிமுகமானவர்களும் கூட்டமாய் நடந்துவருகிற பாதையில், பிள்ளை யாரோ ஒருவருடைய கண்பார்வையில் இருப்பான் என்று நினைப்பது இயல்பு. பக்தியுள்ள குடும்பம், பழகிய பாதை, அறிமுகமான முகங்கள். இவையெல்லாம் இருந்தும் பிள்ளை அங்கே இல்லை.

பிரியமானவர்களே, அந்த ஒரு நாள் பயணத்தை நம்முடைய சபையும் நடந்துகொண்டிருக்கிறது என்று நான் எண்ணுகிறேன். பிள்ளை ஞாயிறு பள்ளிக்கு வந்தான். கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பனாக நின்றான். மனன வசனப் போட்டியில் பரிசு வாங்கினான். விடுமுறை வேதாகமப் பள்ளியில் கைதட்டிப் பாடினான். திடப்படுத்தல் பெற்று நற்கருணைப் பந்திக்கும் வந்துவிட்டான். ஆகவே கூட்டத்தில்தான் இருக்கிறான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மாலையாகும்போதுதான் தேடத் தொடங்குகிறோம். சென்னையிலோ பெங்களூரிலோ கல்லூரி விடுதியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆன பின்பு, "எந்த ஆலயத்துக்குப் போகிறாய், தம்பி?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறானே, அதுவே அந்த மாலை. அவன் விடுதிக்குப் போன நாளில் கூட்டத்தை விட்டுப் போகவில்லை. நம்முடைய ஆலயத்தின் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே போய்விட்டான். அதை நாம் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யாருக்குச் சொந்தம்?

முதலாவது, பெற்றோராகிய உங்களோடு பேச விரும்புகிறேன். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்துவிட்டால் பல வீடுகளில் ஓர் எழுதாத சட்டம் நடைமுறைக்கு வருகிறது: "இந்த ஒரு வருஷம் மட்டும் வாலிபர் கூடுகைக்கு வேண்டாம், ஐயா. பரீட்சை முடியட்டும்." ஞாயிறு காலையில் டியூஷன், அல்லது பள்ளியின் சிறப்பு வகுப்பு, அல்லது நீட் பயிற்சி. ஆராதனைக்கு நேரம் இல்லை. அந்த ஒரு வருஷம் பெரும்பாலும் இரண்டாகிறது, நான்காகிறது.

படிப்பு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. நம்மில் பலருடைய தாத்தா பாட்டிமார் மிஷனெரிகள் நடத்திய பள்ளிக்கூடங்களில் எழுத்தறிந்தவர்கள். சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து, விரைவிலேயே பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். சுவிசேஷமும் எழுத்தறிவும் இந்த மண்ணில் கைகோர்த்தே நடந்தன. ஏழைக் குடும்பத்துக்கு அரசு வேலையோ மருத்துவப் படிப்போ எப்பேர்ப்பட்ட விடுதலை என்பதை நான் அறிவேன். பிள்ளையின் படிப்புக்காக நகையை அடகு வைத்த தாயிடம் "ஏன் இவ்வளவு கவலைப்படுகிறாய்?" என்று கேட்க எந்தப் போதகருக்கும் உரிமையில்லை.

ஆனாலும் ஒன்றை எண்ணிப்பாருங்கள். ஞாயிறு பள்ளி எப்படித் தோன்றியது? இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்தில் 1780இல் ராபர்ட் ரைக்ஸ் அதைத் தொடங்கியபோது, ஏழைப் பிள்ளைகள் வாரத்தில் ஆறு நாட்களும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு நாள் ஞாயிறு. அந்த நாளில் அவர்களுக்கு எழுத்தையும் வேதத்தையும் கற்றுக்கொடுக்கலாம் என்று அவர் நினைத்தார். ஆறு நாள் உழைத்த பிள்ளைக்குச் சபை ஏழாம் நாளைத் திறந்துவைத்தது. இன்று நம் பிள்ளைகள் ஆறு நாட்கள் காலை முதல் இரவு வரை பாடப்புத்தகத்தோடு உழைக்கிறார்கள். மிஞ்சிய அந்த ஒரு நாளையும் நாமே அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறோம்.

இதிலிருந்து பிள்ளை கற்றுக்கொள்ளும் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. "தேவன் முக்கியமானவர், ஆனால் உண்மையாகவே முக்கியமான ஒன்று வரும்போது அவர் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டியவர்." நாம் இதை வாயால் ஒருபோதும் சொல்லமாட்டோம். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை நம்முடைய வார்த்தைகளைக் கேட்பதைவிட நம்முடைய நேர அட்டவணையை நன்றாக வாசிக்கிறது. பின்னாளில் வேலை, பதவி உயர்வு, வெளிநாட்டு விசா என்று ஒவ்வொன்றும் வரும்போது, நாம் கற்றுக்கொடுத்த அதே பாடத்தை அவன் பிசகாமல் ஒப்பிப்பான்.

தேர்வு ஆண்டில் ஒரு பிள்ளைக்குப் பயமும் தனிமையும் கூடுகின்றன; தூக்கம் குறைகிறது. அப்படிப்பட்ட ஆண்டில்தான் ஆராதனையும் ஐக்கியமும் அவனுக்கு அதிகமாய்த் தேவை. வாரத்தில் ஒன்றரை மணி நேர ஆராதனையும், ஒரு மணி நேர வாலிபர் கூடுகையும் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைக் கெடுத்துவிடாது. யாரும் மதிப்பெண் கேட்காத ஓர் இடம் இந்த உலகத்தில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிவது அவனுடைய உயிரையே காக்கலாம்.

மதிப்பெண்ணின் தேவனா?

இரண்டாவது, சபையாகிய நம்மிடத்தில் ஒரு கேள்வி. மேலே சொன்னபடி மதிப்பெண் கேட்காத இடமாக நம்முடைய ஆலயம் உண்மையிலேயே இருக்கிறதா?

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தேர்வு எழுதும் மாணவர்களுக்காக நாம் சிறப்பு ஜெபம் நடத்துகிறோம். பிள்ளைகள் முழங்கால்படியிடுகிறார்கள், சில இடங்களில் பேனாக்களையும் நுழைவுச்சீட்டுகளையும் பீடத்தில் வைத்து ஜெபிக்கிறார்கள். பயந்திருக்கிற பிள்ளையின் தலைமேல் கைவைத்து ஜெபிப்பது நல்லது. ஆனால் அந்த ஜெபத்தின் வார்த்தைகளைக் கவனித்துக் கேளுங்கள். வாலாக்காமல் தலையாக்கும், முதலிடத்தில் நிறுத்தும், நினைத்ததற்கும் மேலாக மதிப்பெண் தாரும் என்றே பெரும்பாலும் ஜெபிக்கிறோம். மே மாதத்தில் முடிவுகள் வந்தபின், ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், அதிக மதிப்பெண் பெற்ற மூவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடையும் கேடயமும் கொடுக்கிறோம்.

தமிழ்நாடு அரசே 2017ஆம் ஆண்டு முதல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில அளவிலான முதல் இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டது. பிள்ளைகளின் மனஅழுத்தத்தையும், அவர்களுக்கிடையே வளரும் ஆரோக்கியமற்ற போட்டியையும் எண்ணி எடுக்கப்பட்ட முடிவு அது. அரசுக்குத் தோன்றிய இந்தச் சிறிய இரக்கம் கிறிஸ்துவின் சபைக்குத் தோன்றாமல் போகலாமா?

அந்த ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமையில் தேர்வில் தவறிய பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது? பெரும்பாலும் அது ஆலயத்திலேயே இருக்காது. "எனக்காகவும்தானே ஜெபித்தார்கள்? என் தலைமேலும்தானே கைவைத்தார்கள்? அப்படியானால் தேவன் அவளுக்குக் கேட்டார், எனக்குக் கேட்கவில்லை" என்று பதினைந்து வயதுப் பிள்ளை முடிவுசெய்துகொள்கிறது. நாம் கொடுத்த போதனையிலிருந்து அப்படித்தான் முடிவுசெய்ய முடியும். வெற்றியைத் தேவனுடைய தயவின் அடையாளம் என்று நாம் சாட்சி சொன்னால், தோல்வி எதன் அடையாளம் என்பதைப் பிள்ளை தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் நாளிதழ்களைத் திறக்கவே நமக்கு அச்சமாயிருக்கிறது. அந்தச் செய்திகளில் வருகிற பிள்ளைகளும் ஏதோ ஒரு வீட்டில் ஜெபத்தோடு வளர்க்கப்பட்டவர்களே.

அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தில் துரோவா பட்டணத்து மேல்வீட்டு அறையை நினைத்துப் பாருங்கள். பவுல் நடுராத்திரிமட்டும் பேசிக்கொண்டிருக்கிறார். ஐத்திகு என்னும் வாலிபன் ஜன்னலிலே உட்கார்ந்து, தூக்க மயக்கத்தால் மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்துவிடுகிறான். இந்தப் பகுதியைப் பிரசங்கத்தில் தூங்குகிறவர்களுக்கான எச்சரிக்கையாகச் சொல்லி நாம் சிரிப்பதுண்டு. பவுலோ அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பிரசங்கத்தை நிறுத்தினார், கீழே இறங்கிப்போனார், அவனை அணைத்துக்கொண்டார், அவனுக்குள் உயிர் இருக்கிறது என்று கலங்கியிருந்தவர்களிடம் சொன்னார். அதன்பின்புதான் மேலே ஏறி, அப்பம் பிட்டு, விடியற்காலம்மட்டும் பேசினார். விழுந்த பிள்ளையிடம் இறங்கிப்போவதற்காக அப்போஸ்தலருடைய பிரசங்கமே நின்றது. வாலிபர் ஊழியத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் முன்வைப்பது இதுதான். தேர்வு முடிவு வருகிற நாளில் சபை மூப்பர்களும் வாலிபர் ஊழியர்களும் முதலாவது தவறிய பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகட்டும். அறிவுரையோடு அல்ல, பழத்தோடும் தின்பண்டத்தோடும் போகட்டும். துணைத்தேர்வு இருக்கிறது, அதற்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கச் சபையிலேயே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லட்டும். ஜூன் மாதத்தில் பரிசு கொடுப்பதானால் தேர்வெழுதிய எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைத்து ஒரேவிதமான பரிசைக் கொடுக்கட்டும். ஒரு பிள்ளையின் பேச்சிலோ மௌனத்திலோ நம்பிக்கையிழப்பு தெரிந்தால் "ஜெபித்துக்கொள், சரியாகிவிடும்" என்று அனுப்பிவிடாதீர்கள். அவனோடு இருங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, சிறார் உதவி எண் 1098. இரண்டும் இரவும் பகலும் இலவசமாய்க் கிடைப்பவை. இந்த இரண்டு எண்களும் நம்முடைய ஆலயத்து அறிவிப்புப் பலகையில் நிரந்தரமாய் எழுதப்பட்டிருக்க வேண்டும். மருத்துவரிடம் போவது அவிசுவாசம் அல்ல. லூக்காவும் வைத்தியரே.

வினாவுகிற பிள்ளை

மீண்டும் எருசலேமுக்கு வருவோம். மூன்று நாளைக்குப் பின்பு பெற்றோர் அவரைக் கண்டுபிடித்த இடம் தேவாலயம். அவர் போதகர்களின் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் கேள்விகள் கேட்டுக்கொண்டும் இருந்தார். அவருடைய மறுமொழிகளைக் கேட்டு எல்லாரும் வியந்தார்கள் என்றும் லூக்கா எழுதுகிறார். அப்படியானால் அந்தப் போதகர்களும் அவரிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். 12 வயதுப் பிள்ளையை, வெளியூர்ப் பிள்ளையை, தச்சன் வீட்டுப் பிள்ளையை நடுவில் உட்காரவைத்து அவர்கள் உரையாடியிருக்கிறார்கள். பிற்காலத்தில் அதே எருசலேமின் வேதபாரகர் அவருக்கு விரோதமாய் எழும்பினார்கள் என்பது வேறு. இந்த மூன்று நாளிலும் அவர்கள் ஒரு நல்ல காரியத்தைச் செய்தார்கள். "சின்னப் பையன், பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே" என்று அவரை அனுப்பிவிடவில்லை.

நம்முடைய வாலிபர் கூடுகைகளில் பாடல் உண்டு, விளையாட்டு உண்டு, வேதாகம வினாடி வினா உண்டு. வினாடி வினாவில் கேள்வி கேட்பவர் நாம், விடை சொல்பவர் பிள்ளை. நோவாவின் பேழை எத்தனை முழ நீளம் என்று நாம் கேட்போம். பிள்ளை முந்நூறு என்று சொல்லும். பிள்ளையின் உள்ளத்தில் இருக்கிற கேள்வி வேறு. "என்னோடு ஒரே பெஞ்சில் உட்காரும் நண்பன் கோவிலுக்குப் போகிறவன், என்னைவிட நல்லவன். அவனைத் தேவன் தள்ளிவிடுவாரா?" "உயிரியல் ஆசிரியர் பரிணாமத்தைச் சொல்லித்தருகிறாரே, ஆதியாகமம் வேறு சொல்கிறதே?" "அப்பாவுக்காக இரண்டு வருஷம் உபவாசித்து ஜெபித்தோமே, ஏன் அவர் மரித்துப்போனார்?" "நாமெல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று என்றால், கிறிஸ்தவர்களின் திருமண விளம்பரத்தில் ஏன் சாதிப் பெயர் இருக்கிறது?" "சபைத் தேர்தல் வந்தால் நற்கருணை எடுக்கிற பெரியவர்கள் ஏன் இப்படிச் சண்டையிடுகிறார்கள்?"

இந்தக் கேள்விகளை அவர்கள் நம்மிடம் கேட்பதில்லை. கேட்டால் விசுவாசக் குறைவு என்போம், அல்லது யார் இவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது என்று பெற்றோரை விசாரிப்போம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே அவர்கள் கைப்பேசியிடம் கேட்கிறார்கள். அது களைப்படையாமல், கோபப்படாமல், இரவு இரண்டு மணிக்கும் பதில் சொல்லுகிறது. அது சொல்லும் பதில்களில் சில நல்லவை, சில விஷம். பிரித்தறிய அவர்களோடு ஒருவரும் இல்லை.

பஸ்காவின் ஒழுங்கே பிள்ளையின் கேள்வியை எதிர்பார்த்துத்தான் ஏற்படுத்தப்பட்டது. இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள், அப்பொழுது அவர்களுக்குச் சொல்லுங்கள் என்று யாத்திராகமம் 12ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. உபாகமம் 6ஆம் அதிகாரமும் அதையே சொல்லுகிறது. அங்கே தகப்பன் விதிகளின் பட்டியலை ஒப்பிக்கத் தொடங்குவதில்லை. நாங்கள் எகிப்திலே அடிமைகளாயிருந்தோம், கர்த்தர் எங்களைப் புறப்படப்பண்ணினார் என்று தன் சொந்த ஜனத்தின் கதையிலிருந்து தொடங்குகிறான். நம்முடைய பிள்ளைகளுக்கும் அப்படிப்பட்ட பதில் வேண்டும். உங்கள் குடும்பம் எப்படிக் கிறிஸ்துவினிடத்தில் வந்தது என்பதை உங்கள் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறீர்களா? எந்தத் தலைமுறையில், எந்த ஊரில், என்ன விலை கொடுத்து வந்தார்கள் என்று அவன் அறிவானா?

சாதியைக் குறித்த அந்தக் கேள்விக்கு மட்டும் நாம் கதை சொல்லித் தப்பமுடியாது. அதற்கு ஒரே நேர்மையான பதில், அந்தப் பாவத்தை விட்டுத் திரும்புவதுதான். பிள்ளைகள் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். எத்தனை காலம் காத்திருப்பார்கள் என்று என்னால் சொல்லமுடியாது.

ஒவ்வொரு மாதமும் ஒரு வாலிபர் கூடுகையை முழுவதும் பிள்ளைகளின் கேள்விகளுக்கென்று ஒதுக்குவோம். பெயரில்லாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடட்டும். விடை தெரிந்தவற்றுக்கு விடை சொல்வோம். தெரியாதவற்றுக்குத் "தெரியவில்லை, அடுத்த மாதம் படித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்வோம். போதகர் அப்படிச் சொல்வதைக் கேட்டு எந்தப் பிள்ளையும் விசுவாசத்தை விட்டுப் போவதில்லை.

ஏலியைப் போல ஒருவர்

சீலோவிலே சாமுவேல் என்னும் பிள்ளையாண்டானைக் கர்த்தர் கூப்பிட்டபோது, அது கர்த்தருடைய சத்தம் என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. மூன்று தரமும் ஏலியினிடத்தில் ஓடினான். ஏலி கண் மங்கிய முதியவர். தன் சொந்தக் குமாரரை அடக்காமல் விட்டவர். குறைகள் நிறைந்த மனிதர். ஆனாலும் இரவில் மூன்று தரம் எழுப்பப்பட்டும் எரிச்சல்படவில்லை. பிள்ளையைக் கூப்பிடுகிறவர் கர்த்தர் என்று அறிந்துகொண்டு, என்ன மறுமொழி சொல்லவேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். பின்பு அவனைத் திரும்பவும் அவனுடைய படுக்கைக்கே அனுப்பினார். தன்னிடத்தில் வைத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் பிள்ளை சொன்ன செய்தி ஏலிக்கே விரோதமானது. அதையும் மறைக்காமல் சொல்லும்படி கேட்டு, தலைவணங்கி ஏற்றுக்கொண்டார்.

வாலிபர் ஊழியத்துக்குப் பெரிய மேடையும் ஒலிபெருக்கியும் இசைக்குழுவும் வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். எனக்குத் தோன்றுவது வேறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் பெற்றோரைத் தவிர, தன்னைப் பெயர் சொல்லி அறிந்த ஒரு பெரியவர் சபையில் வேண்டும். "இந்த வாரம் வரவில்லையே, என்ன ஆயிற்று?" என்று கேட்கிறவர். ஒரு அண்ணன், ஒரு அக்கா, ஒரு சித்தி, ஒரு தாத்தா. குறையற்றவராக இருக்கவேண்டியதில்லை, பிள்ளை பேசும்போது கேட்கிறவராக இருந்தால் போதும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்று நம்முடைய சபையின் பெரியவர்கள் பொறுப்பெடுத்துக்கொண்டால், கூட்டத்தில் இருப்பான் என்று யாரும் எண்ணிக்கொண்டு நடக்கவேண்டியிராது.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் பேசினார். மேல்நாட்டு மிஷனெரிகளின் தியாகத்தை நன்றியோடு ஏற்றுக்கொண்டு, அதற்கும் மேலாக இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு வேண்டியது நட்பு என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தோர்ணக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அன்று அவர் மிஷனெரிகளிடம் கேட்டதையே இன்று நம்முடைய பிள்ளைகள் நம்மிடம் கேட்கிறார்கள். நாம் அவர்களுக்கு நிகழ்ச்சிகளைக் கொடுக்கிறோம், முகாம்களைக் கொடுக்கிறோம், அச்சடித்த சட்டை கொடுக்கிறோம். அவர்களுக்கு வேண்டியது சிநேகிதம்.

அன்பு காவலோடு இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியது என் கடமை. பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொருவரும் சபையால் ஆராய்ந்து நியமிக்கப்பட்டவராக இருக்கட்டும். பிள்ளையை மூடிய அறையில் தனியாகச் சந்திக்கவேண்டாம். பெற்றோருக்குத் தெரியாமல் இரகசியக் குறுஞ்செய்திகள் வேண்டாம். முகாம்களில் ஆண், பெண் பொறுப்பாளர்கள் இருவரும் இருக்கட்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகள் என்றே கருதுகிறது. ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று அறிகிற எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்று கட்டளையிடுகிறது. சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மறைப்பது சட்டப்படி குற்றம்; தேவனுக்கு முன்பாகப் பாவம். சிறியவரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைக் குறித்து ஆண்டவர் சொன்ன எந்திரக்கல்லை மறந்துவிடாதிருப்போம்.

சிநேகிதம் உள்ள இடத்தில் நம்பிக்கையும் இருக்கும். நம்பிக்கை உள்ள இடத்தில் பொறுப்பும் கொடுக்கப்படும். பவுல் லீஸ்திராவிலே தீமோத்தேயுவைக் கண்டபோது, இவன் இன்னும் பக்குவப்படட்டும் என்று விட்டுப் போகவில்லை. தன்னோடு அழைத்துக்கொண்டு போனார். 1844இல் லண்டனில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் 22 வயதுத் துணிக்கடை ஊழியர். நாமோ நம்முடைய வாலிபரை நாற்காலி அடுக்கவும், அசனப் பண்டிகையில் பந்தி பரிமாறவும் மட்டும் தேடுகிறோம். அவர்கள் வேதபாடம் வாசிக்கட்டும். வியாதியாயிருக்கும் முதியவர்களைச் சந்திக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். சேகரக் கமிட்டியில் அவர்களுடைய குரலும் கேட்கப்படட்டும். தவறு செய்வார்கள். தவறு செய்யாத கமிட்டி நம்மிடத்தில் ஏது?

நாசரேத்துக்குத் திரும்புதல்

எருசலேமின் நிகழ்ச்சி தேவாலயத்தில் முடியவில்லை. பிள்ளை பெற்றோரோடு நாசரேத்துக்குப் போய் அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார். மரியாள், தனக்கு விளங்காதவற்றையும் இருதயத்திலே வைத்துக்கொண்டாள். தேவாலயத்தில் மூன்று நாள். நாசரேத்தின் வீட்டிலே ஏறக்குறைய 18 ஆண்டுகள். இந்தக் கணக்கைப் பெற்றோர் மறக்கக்கூடாது. மார்ட்டின் லூத்தர் சபைகளைப் பார்வையிட்டபோது ஜனங்களின் அறியாமையைக் கண்டு மனம் வருந்தி 1529இல் சிறிய ஞானோபதேசத்தை வெளியிட்டார். வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாய்க் கற்பிக்கவேண்டிய விதத்திலேயே அதை அமைத்தார். தீமோத்தேயுவின் விசுவாசத்துக்கும் முன்னே லோவிசாளின் வீடும் ஐனிக்கேயாளின் வீடும் இருந்தன. வாலிபர் ஊழியர் வாரத்தில் ஒரு மணி நேரம் உங்களுக்கு உதவி செய்யலாம். உங்கள் இடத்தில் நிற்க அவரால் முடியாது.

ஆகவே பெற்றோரே, இன்று மாலையிலேயே உங்கள் பிள்ளையின் அருகில் உட்காருங்கள். மதிப்பெண்ணைக் கேட்கவேண்டாம். அவன் எதை நினைத்துப் பயப்படுகிறான், எதை நம்பமுடியாமல் இருக்கிறான் என்று கேளுங்கள். பதில் வர நாளாகலாம், எழுந்து போய்விடாதிருங்கள். மூப்பர்களே, அடுத்த கமிட்டியில் கட்டடக் கணக்குக்கு முன்பாக இந்தப் பிள்ளைகளின் பெயர்களை வாசியுங்கள். கடந்த மூன்று மாதமாய்க் காணாமற்போனவர்கள் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளே, இதை நீங்களும் வாசிக்கிறீர்கள் என்றால், உங்கள் கேள்விகளோடு வாருங்கள். ஆண்டவர் 12 வயதில் தேவாலயத்தில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். உங்களுக்கும் அந்த இடத்தில் உட்கார உரிமை உண்டு.

யோசேப்பும் மரியாளும் ஒரு நாள் தூரம் போய்விட்ட பின்பும் திரும்பி நடந்தார்கள். வழியெல்லாம் வேதனையோடு தேடினார்கள். நமக்கும் திரும்பி நடக்க நேரம் இருக்கிறது. இன்னும் இருட்டவில்லை.

ஜெபம்: எங்கள் பரம தகப்பனே, நீர் எங்கள் கையில் ஒப்புவித்த இந்தப் பிள்ளைகளுக்காக உம்மைத் துதிக்கிறோம். கூட்டத்தில் இருப்பார்கள் என்று எண்ணி நடந்துபோகிற எங்களை நிறுத்தும். விழுந்த பிள்ளையிடத்தில் இறங்கிப்போகும் கால்களையும், கேள்வியைப் பொறுமையோடு கேட்கும் காதுகளையும் எங்களுக்குத் தாரும். தேர்வில் தவறி, முகம் மறைத்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை இந்த வாரத்திலே நீரே தேடிச் சந்தியும். ஞானத்திலும் வளர்த்தியிலும் தேவகிருபையிலும் மனுஷர் தயவிலும் அவர்களை வளரச்செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதித்துக் காத்துக்கொள்வாராக.